சிதைய வேண்டியது திரும்பி வரும்போது

அனைவருக்கும் வணக்கம்.

"முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் எப்படி மறுபடியும் வந்துச்சு?" கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி வந்தவரின் வீட்டார் கேட்கும் கேள்வி இது. 1928-ல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இத்தகைய கட்டிக்காக மூளையின் வலது அரைக்கோளத்தையே அகற்றிய செய்தியை வெளியிட்டார். அப்படியும் கட்டி திரும்பியது. 2005-ல் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக நீண்டது. இரண்டரை மாதம்தான், ஆனாலும் இன்றுவரை அடிப்படைச் சிகிச்சை அதுதான்.

இந்தக் கட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "வளர்" என்ற கட்டளை அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது என்று சொல்கிறோம். அது பாதி உண்மை. அந்தக் கட்டளையை நிறுத்தும் வேலையும் கெட்டுப்போயிருக்கிறது. அந்த வேலையைச் செய்பவை செல்லுக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் புரதங்கள்.

ஒரே ஓர் ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் சொல்லும் புரதத்தை, எடுத்துக்கொள்வோம். இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். செல்லின் மேற்பரப்பில் தலை வெளியே, வால் உள்ளே என்று நிற்கும். வளர்ச்சிக் காரணி தலையில் வந்து ஒட்டியதும் வால் விழித்துக்கொண்டு "வளர்" என்கிறது. சில நிமிடங்களுக்குள் அந்த இடத்துச் சவ்வு குழிந்து, கிளாத்ரின் என்ற புரதம் கூடைபோல் அதைச் சூழ்ந்து, ஏற்பி ஒரு நுண்பைக்குள் அடைபட்டு உள்ளே போய்விடும். போய்ச் சேரும் இடம் என்டோசோம், உள்ளே வந்த சரக்கைப் பிரித்து அனுப்பும் பை.

உள்ளே போய்விட்டதே, அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். வால் இன்னும் நுண்பைக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது, பேசிக்கொண்டேதான் இருக்கிறது! சிபிஎல் என்ற புரதம் அந்த வாலில் யூபிகுவிட்டின் என்ற அடையாளத்தை ஒட்ட வேண்டும். அதைப் பார்த்து எஸ்கார்ட் புரதங்கள் என்டோசோமின் சவ்வை உட்பக்கமாகக் கிள்ளி, ஏற்பியை வாலோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் குரல் அடங்கும். பிறகு ராப் 7 என்ற புரதம் வழிநடத்த, செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குப் போய்ச் சிதையும். அடையாளம் ஒட்டாவிட்டால்? ராப் 11 என்ற இன்னொரு புரதம் அதை மறுபடி மேற்பரப்புக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். ராப் குடும்பத்தில் மட்டும் மனித செல்லில் 60-க்கு மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. எது எங்கே போக வேண்டும் என்பதற்கு இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள்.

கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரின் கட்டியில் இந்த ஏற்பியின் மரபணு பல நகல்களாகப் பெருகிக் கிடக்கிறது. அவர்களில் பலரிடம் தலையில் ஒரு பகுதி அறுந்துபோன வடிவமும் உண்டு. வளர்ச்சிக் காரணி வராமலே அது பேசும். அதன் குரல் மெல்லியதுதான். மெல்லியதாக இருப்பதாலேயே சிபிஎல் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. அடையாளம் ஒட்டுவது குறைகிறது. லைசோசோமுக்குப் போவதும் குறைகிறது. உரக்கக் கத்தியிருந்தால் வாயை அடைத்திருப்பார்கள். முணுமுணுப்பதால் தப்பித்துவிடுகிறது.

என்.எச்.இ. 9 என்ற புரதத்தின் கதை இதைவிட நுட்பமானது. என்டோசோமின் உட்புறம் அமிலமாக வேண்டும். அது ஏற்பியைச் சிதைவுக்குத் தள்ளும் வழிகளில் ஒன்று. இந்தப் புரதம் அமிலத்தைக் கசியவிடும் ஓட்டை. 2015-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இது மிகுதியாக உள்ள கிளியோபிளாஸ்டோமா செல்களில் ஏற்பி சிதையாமல் மேற்பரப்பில் நிலைத்து நிற்பதைக் காட்டினார்கள். ஏற்பியில் பழுதே வேண்டாம், பாருங்கள். அது போகும் வழியில் அமிலம் சற்றுக் குறைந்தாலே போதும்.

இனி அந்த வீட்டாரின் கேள்விக்கு வருகிறேன். கட்டி செல்கள் நரம்பிழைகளையும் ரத்தக் குழாய்களையும் பற்றிக்கொண்டு ஊர்ந்து போகின்றன. பற்றும் கை இன்டெக்ரின் என்ற புரதம். பின்னால் பிடித்ததை விட்டு, உள்ளே இழுத்து, முன்னால் கொண்டுவந்து மறுபடி பிடிக்க வேண்டும். அதைக் கொண்டுவருவதும் இதே ராப் புரதங்கள்தாம். ஏற்பியைத் திருப்பி அனுப்பும் அதே ஏற்பாடு செல்லை நடக்கவும் வைக்கிறது. அறுவை மருத்துவர் கண்ணில் பட்ட கட்டியை எடுக்கும் நாளுக்கு வெகு முன்பே சில செல்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டிருக்கும்.

ஏற்பியின் வாயை மட்டும் அடைக்கும் எர்லோட்டினிப் போன்ற மருந்துகள் சிலவகை நுரையீரல் புற்றுநோயில் நன்றாக வேலை செய்தன. இந்தக் கட்டியில் ஏமாற்றின. மருந்து மூளைக்குள் போதிய அளவு போகாதது உட்படப் பல காரணங்கள் உண்டு. அதனால்தான் ஏற்பியையே சிதைவுக்கு அனுப்பும் வழி என்னை ஈர்க்கிறது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டில் கரோலின் பெர்டோசியின் குழு, ஒரு பக்கம் இ.ஜி.எஃப்.ஆரையும் மறுபக்கம் லைசோசோமுக்குச் சரக்கு கொண்டுபோகும் மற்றோர் ஏற்பியையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூற்றை உருவாக்கியது. செல்லின் சொந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சோதனைக்கூட செல்களில் ஏற்பி சிதைந்தது. ஆனால் அந்த மூலக்கூறு பெரியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அவ்வளவு பெரிய பொருளை எளிதில் விடாது. அந்தத் தடுப்பின் செல்களிலும் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் இறக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றோடு மருந்தைச் சேர்த்து அனுப்பும் முயற்சிகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன.