நெப்ராஸ்கா எங்கே தோற்றது?

நண்பர்களே, வணக்கம்.

பதினைந்து ஆண்டுகளாகியும் ஓயாத ஒரு விவாதத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டு விலகி, பிக் டென் கான்ஃபரன்ஸில் சேரப்போகிறது என்று 2010 ஜூன் 11ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அன்றைக்கே மாநிலம் முழுக்க ஒரே கேள்வி: "அங்கே போய் நம்மால் ஜெயிக்க முடியுமா?" முடிதிருத்தும் கடையில் கேட்டார்கள், சர்ச் வாசலில் கேட்டார்கள், சோளக்காட்டு ஓரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டும் கேட்டார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இரண்டு கட்சியும் பார்க்கத் தவறிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் பேசுவது அமெரிக்க ஃபுட்பால். கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு மோதி முன்னேறும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு பருவத்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம் என்றால் எட்டு ஒன்பது ஆட்டம் அந்தக் கூட்டமைப்புக்குள்ளேயே நடக்கும். டிவி ஒப்பந்தப் பணத்தையும் அந்தக் கூட்டமைப்புதான் வாங்கிப் பங்கு பிரிக்கும். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளைப் போல ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே என்ற ஏற்பாடு இங்கே இல்லை. ஆகவே கான்ஃபரன்ஸ் மாறினால் எதிராளி மாறுகிறான், பயணம் மாறுகிறது, எந்த ஊரில் போய்ப் பையன்களைத் தேடிச் சேர்ப்பது என்பதுகூட மாறுகிறது. கிட்டத்தட்ட எல்லாமே மாறிவிடுகிறது.

நெப்ராஸ்காவுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 2010 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்து மக்கள்தொகை சுமார் 18 லட்சம். என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் அணி கிடையாது. கூடைப்பந்திலோ பேஸ்பாலிலோ முதல்தர லீக் அணியும் கிடையாது. இருப்பது லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியம். 1962 நவம்பரில் தொடங்கி அங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் அந்த ஸ்டேடியம்தான் என்று அங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்து எதிரணி மைதானத்தை விட்டுப் போகும்போது, ஜெயித்தாலும் தோற்றாலும், சிவப்புச் சட்டைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். இதைக் கண்ணால் பார்த்தவன் நான். தங்கள் அணியை அடித்து நொறுக்கியவனுக்கும் கைதட்டும் கூட்டம் அது.

1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆன அணி. டாம் ஆஸ்பார்ன் என்ற ஒரே மனிதர் 1973 முதல் 1997 வரை 25 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 255 வெற்றிகளைத் தந்தார். 2010இல் கான்ஃபரன்ஸ் மாறும் முடிவு வந்தபோது விளையாட்டுத் துறை இயக்குநர் நாற்காலியில் இருந்தவரும் அவர்தான்.

சரி, ஏன் கிளம்பினார்கள்? பிக் 12 உருவான 1996இலிருந்தே நெப்ராஸ்காவுக்கு அங்கே ஒட்டவில்லை. அதற்கு முன்னால் பிக் எய்ட் என்ற பழைய கூட்டமைப்பில் இருந்தார்கள். அதன் அலுவலகம் கன்சாஸ் சிட்டியில் இருந்தது. டெக்ஸஸ் மாநிலத்து நான்கு பல்கலைக்கழகங்கள் வந்து சேர்ந்ததும் அலுவலகம் டல்லாஸ் பக்கம் போனது. பேச்சும் அந்தப் பக்கமே சாய்ந்தது. பெரிய இழப்பு வேறு. நன்றி நவிலல் நாளையொட்டி வருடா வருடம் நடந்துவந்த ஓக்லஹோமா ஆட்டம் நின்றுபோனது. இரண்டு அணிகளையும் வெவ்வேறு பிரிவில் போட்டதால் நான்கு வருடத்தில் இரண்டு முறைதான் மோத முடிந்தது. 1971இல் நார்மன் நகரில் 35-31 என்று நெப்ராஸ்கா ஜெயித்த ஆட்டத்தை இன்றைக்கும் நூற்றாண்டின் ஆட்டம் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பகையை ஓர் அட்டவணைக்காக வெட்டிவிட்டார்கள். பணத்துக்காக வெட்டியிருந்தாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அட்டவணைக்காக என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

அப்புறம் 2009 டிசம்பர். பிக் 12 இறுதி ஆட்டம். டெக்ஸஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் ஆள், பந்தை வெளியே எறிந்தபோது கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நெப்ராஸ்கா ஆட்கள் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். நடுவர்கள் வீடியோ பார்த்து ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வினாடியில் டெக்ஸஸ் பந்தைக் காலால் உதைத்து ஃபீல்டு கோல் அடித்து 13-12 என்று ஜெயித்தது. விதிப்படி அந்த முடிவு சரிதான். ஆனாலும் அந்த ரணம் ஆறவில்லை. அந்தச் சமயத்தில் டெக்ஸஸ் தனக்கென்று தனியாக ஒரு டிவி சேனல் தொடங்கவும் பார்த்துக்கொண்டிருந்தது. பிக் 12 எந்த நேரமும் உடையலாம் என்ற பேச்சு வேறு. நெப்ராஸ்கா அறிவிப்புக்கு முந்தின நாள்தான் கொலராடோ அணியும் பிக் 12ஐ விட்டு மேற்குக் கரைக் கூட்டமைப்புக்குக் கிளம்புவதாகச் சொன்னது. பிக் டென்னிலோ 2007 முதல் சொந்த டிவி சேனல், சமமான பங்கு, நிலையான வீடு. ஆகவே கிளம்பியது சரிதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அந்த விவாதத்துக்கு வருவோம். ஒரு கட்சி சொன்னது: "பிக் டென் அணிகளெல்லாம் மெதுவான அணிகள். நாம் டெக்ஸஸ், ஓக்லஹோமாவின் வேகத்தைப் பார்த்துப் பழகியவர்கள். ஓஹையோ ஸ்டேட்டைத் தவிர நம்மைத் தொட ஆள் கிடையாது." மற்றக் கட்சி சொன்னது: "டெக்ஸஸ் மாநிலத்துப் பள்ளிகளில்தான் நமக்கு வீரர்கள் கிடைத்தார்கள். அவ்வப்போது அங்கே போய் ஆடினால்தான் அந்தப் பையன்களின் பெற்றோர் வந்து பார்க்க முடியும். இனி யார் நம்மிடம் வருவார்கள்?" இரண்டாவது கட்சி சொன்னதில் நிறைய உண்மை இருந்தது. ஆனால் உடனடி அடி அந்தப் பக்கத்திலிருந்து விழவில்லை.

2011 அக்டோபர் 1. பிக் டென்னில் நெப்ராஸ்காவின் முதல் ஆட்டம், விஸ்கான்சின் அணியின் மேடிசன் நகரில். 48-17 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்து இண்டியானாபொலிஸில் நடந்த இறுதி ஆட்டத்துக்கே போனார்கள். எதிரில் மறுபடியும் விஸ்கான்சின். ஓஹையோ ஸ்டேட்டும் பென் ஸ்டேட்டும் தண்டனையில் இருந்ததால் தன் பிரிவில் மூன்றாம் இடத்திலிருந்து உள்ளே வந்த அணி. 70-31 என்று விஸ்கான்சின் ஜெயித்தது. அன்றைக்கு விஸ்கான்சின் பந்தோடு ஓடியே எடுத்த தூரம் 539 யார்டு. ஒரு யார்டு என்றால் மூன்று அடி. 2014 நவம்பரில் மறுபடியும் மேடிசன். விஸ்கான்சினின் மெல்வின் கோர்டன் என்ற ஒரே ஆள் மூன்று குவார்ட்டரில், அதாவது முக்கால் ஆட்டத்தில், 408 யார்டு ஓடினார். நான்காவது குவார்ட்டரில் அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் ஆட அவசியமே இல்லாமல் போய்விட்டது. 59-24 என்று விஸ்கான்சின் ஜெயித்தது.

இந்த மூன்று ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெப்ராஸ்காவின் பையன்கள் சோம்பேறிகளா? இல்லை. பயிற்சியாளர் போ பெலினிக்குத் தடுப்பாட்டம் தெரியாதா? அவருடைய வாழ்க்கையே தடுப்பாட்டம்தான். பிக் 12இல் அப்போது எல்லா அணியும் மைதானத்தின் அகலம் முழுக்க ஆட்களைப் பரப்பிப் பந்தை எறிந்து ஆடியது. அதைத் தடுக்க பெலினி ஓர் ஏற்பாடு செய்தார். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் கனமான லைன்பேக்கர்களைக் குறைத்து, வேகமாக ஓடக்கூடிய மெலிந்த ஆட்களை, ஐந்து பின்வரிசைத் தடுப்பாளர்களை நிறுத்தினார். 2009, 2010 இரண்டு பருவத்திலும் அது பிரமாதமாக வேலை செய்தது. எதிரணிகளால் பந்தை எறிந்து எளிதில் ஜெயிக்க முடியவில்லை. அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிக் டென்னுக்குள் நுழைந்தார்கள். அங்கே எதிரில் நின்றவர்கள் 150 கிலோவுக்கு நெருக்கமான லைன்மேன்கள், அதாவது முன்வரிசையில் நின்று மோதும் ஆட்கள். அவர்கள் பந்தை எறியவில்லை. நேராக வந்து மோதினார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலைமை.

லிங்கனில் ஒரு அக்டோபர் ஆட்டத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு விவசாயி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். காதில் ரேடியோ. அங்கே நிறையப் பேர் மைதானத்தில் உட்கார்ந்துகொண்டே ரேடியோ வர்ணனையும் கேட்பார்கள். நான் பந்து போகும் திசையிலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையைத் தட்டி, "பந்தைப் பார்க்காதே, தம்பி. நடுவில் குனிந்து நிற்கும் அந்த ஐந்து பேரைப் பார். பந்து நகர்ந்ததும் எவன் கால் பின்னால் போகிறது என்று மட்டும் பார்" என்றார். பார்த்தேன். பந்தை நகர்த்திய கணமே நம் ஆளின் வலது குதிகால் புல்லில் வழுக்கிப் பின்னால் போனது. அரை அடிதான். அந்த அரை அடி இடைவெளியில் பந்தோடு ஓடும் எதிரணி ரன்னிங் பேக் நுழைந்து ஆறு யார்டு போய்விட்டான். அடுத்த முறையும் அதே கால், அதே அரை அடி. கூட்டம் லைன்பேக்கரைத் திட்டியது. பெரியவர் திட்டவில்லை. அவன் தப்பு இல்லை என்று தலையை ஆட்டினார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்று இதையெல்லாம் பேசுகிறேன்.

இதில் என்னை வாட்டும் ஒன்று உண்டு. விஸ்கான்சின் ஆடிய ஆட்டம் நெப்ராஸ்காவின் சொந்த ஆட்டம். ஆஸ்பார்ன் காலத்து அணி பந்தை எறிந்து பிழைத்த அணி இல்லை. கனத்த லைன்மேன்களை முன்னே விட்டு ஓடி ஓடியே எதிராளியைச் சாய்த்த அணி. 1995 அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 400 யார்டு ஓடியது. அந்தப் பருவத்தின் இறுதியில் ஃபியஸ்டா பவுல் என்ற ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 62-24 என்று அடித்தபோது ஓடியே 524 யார்டு எடுத்தார்கள். அந்த லைன்மேன்களில் பலர் சொந்த மாநிலத்துச் சின்ன ஊர்ப் பையன்கள். உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் வந்து சேர்ந்து, நான்கு வருடம் எடை தூக்கிப் பயிற்சி செய்து, கடைசி வருடம் மைதானத்தில் இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. வாக்-ஆன் என்று சொல்வார்கள். நாட்டிலேயே பெரிய வாக்-ஆன் முறை அங்கேதான் இருந்தது.

2003இல், பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் 9 வெற்றி 3 தோல்வி எடுத்த பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2004இல் என்எஃப்எல்லிலிருந்து பில் கல்லஹன் வந்தார், பந்தை எறியும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். பழைய ஓட்டமுறை போனது. அதற்கேற்ற லைன்மேன்களை வளர்க்கும் பழக்கமும் தேய்ந்தது. ஏழு வருடம் கழித்து எந்தக் கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தார்கள்? நவம்பர் குளிரில், விரல் விறைத்துப் பந்தைப் பிடிக்கவே கஷ்டமான காற்றில், ஓடி ஜெயிப்பவனுக்கே மதிப்பு தரும் கான்ஃபரன்ஸில். தங்கள் கையில் இருந்த கலையைத் தூக்கிப் போட்ட பிறகு, அந்தக் கலைக்கு விலை தரும் சந்தைக்குப் போனார்கள். 2010இல் இதை யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் அந்த விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். "நாம் பெரியவர்களா, அவர்கள் பெரியவர்களா" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். "அவர்கள் எப்படி ஆடுகிறார்கள், நம்மிடம் அதற்கேற்ற உடம்பு இருக்கிறதா" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அதன் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஒன்பது வெற்றி எடுத்த பெலினியை 2014இல் நீக்கினார்கள். மைக் ரைலி வந்தார், போனார். 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக், மண்ணின் மைந்தர் ஸ்காட் ஃபிராஸ்ட் வந்தார். 16 வெற்றி, 31 தோல்வி. 2021 பருவத்தில் மட்டும் ஒன்பது தோல்வி. ஒன்பதும் பத்துப் புள்ளிக்குள். ஒரு பயிற்சியாளர் ஓர் அணியைக் கட்ட நான்கு வருடம் ஆகும், அதற்குள் இன்னொருவர் வந்து முழுவதையும் கலைத்துவிடுவார். கான்ஃபரன்ஸ் மாறியதால்தான் இந்தச் சரிவு என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. அயோவாவைப் பாருங்கள். பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999இலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறார். நெப்ராஸ்காவைப் போலவே அதுவும் சோளம் விளையும் பூமி. பெரிய நகரம் இல்லை, நட்சத்திர வீரர்கள் வரிசையில் நிற்பதில்லை. அப்படிப்பட்ட அணி 2015 முதல் 2021 வரை ஏழு ஆண்டு தொடர்ந்து நெப்ராஸ்காவை வென்றது. 2023, 2024 இரண்டு ஆண்டும் அயோவாவுக்கு 13-10 என்று வெற்றி, இரண்டும் கடைசி நொடி ஃபீல்டு கோல்.

மேட் ரூல் 2023இல் நெப்ராஸ்கா பயிற்சியாளராக வந்தார். 2024 நவம்பரில் விஸ்கான்சினை 44-25 என்று வென்றார்கள். 2012க்குப் பிறகு அதுதான் விஸ்கான்சினுக்கு எதிராக முதல் வெற்றி. இடையில் பத்துத் தோல்வி. அந்த வெற்றியோடு, 2016க்குப் பிறகு முதல்முறையாக, பருவத்தின் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்கும் தகுதி கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் மேற்குக் கரை அணிகளான யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னில் சேர்ந்து, மொத்தம் 18 அணிகளாகிவிட்டன. யுசிஎல்ஏவிடமும் யுஎஸ்சியிடமும் நெப்ராஸ்கா தோற்றது. ஆக, இப்போது மறுபடியும் அது ஒரு புதிய கான்ஃபரன்ஸ். 2025 முதல் ஓர் அணியில் 105 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் 150 பேர் வரை வைத்துப் பையன்களைப் பக்குவப்படுத்திய வாக்-ஆன் முறைக்கு இது பலத்த அடி. ரசிகர்கள் சண்டை போட வேண்டியது இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

நான் பேசி முடித்ததும் ஒரு நண்பர் எழுந்து கேட்டார்: "பேசாமல் பிக் 12க்கே திரும்பிப் போய்விடலாமே?" நான் சொன்ன பதில் இது. திரும்பிப் போக அங்கே என்ன இருக்கிறது? டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் 2024இல் எஸ்இசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டன. மிசூரி அதற்கு முன்னாலேயே போய்விட்டது. பழைய பிக் எய்ட் அணிகள் மூன்று கான்ஃபரன்ஸில் சிதறிக் கிடக்கின்றன. ஓக்லஹோமா ஆட்டம் வேண்டுமென்றால் தனியாகப் பேசி அட்டவணையில் போடலாம். 2021, 2022இல் அப்படித்தான் ஆடினார்கள். ஜெயிக்க வேண்டிய இடம் இங்கேதான். அயோவா, விஸ்கான்சின், மினசோட்டா மூவரையும் ஒரே பருவத்தில் நெப்ராஸ்கா கடைசியாக வென்றது 2012இல். முதலில் அதை மறுபடியும் செய்யட்டும். ஓஹையோ ஸ்டேட்டைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.