மரத்தரைக்கு ஆணி எவ்வளவு நீளம்?

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் மரத்தரை போட நினைப்பவர்கள் கம்ப்ரசர் காற்றின் வேகத்தில் ஆணி அடிக்கும் நெய்லர் மிஷினைப் பற்றி நாலு கடையில் விசாரிக்கிறார்கள். அதில் போடும் ஆணியைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். முக்கால் இஞ்ச் பலகையா, 2 இஞ்ச் ஆணி என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். மரச்சட்டத்தின் மேல் அடிப்பதென்றால் அது சரி.

கான்கிரீட் தளம், பாலிதீன் ஷீட், 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் பலகை என்றால் கணக்கு மாறும். பலகையின் ஓரத்தில் அடுத்த பலகைக்குள் நுழைவதற்காக நீட்டி நிற்கும் விளிம்புதான் நாக்கு. நெய்லர் ஆணியை அந்த நாக்கின் மூலையில் 45 டிகிரி சாய்த்து இறக்குகிறது. 50 மி.மீ. ஆணி கீழே போவது 35 மி.மீ. அங்கே பலகையின் கனம் சுமார் 10. மிச்சம் 25. பிளைவுட்டோ 18தான். முனை கான்கிரீட்டில் முட்டி வளையும், தலை நாக்கின் மேல் துருத்தி நிற்கும், அடுத்த பலகை வந்து சேராது. காற்றைக் கூட்டினால் நாக்குதான் பிளக்கும். ஒன்றரை இஞ்ச் ஆணி பிளைவுட்டுக்குள் 17 மி.மீ.யில் நின்றுவிடும்.

18 மி.மீ. பலகைக்கு 16 கேஜ், 12 மி.மீ. என்ஜினியர்டு பலகைக்கு (அடுக்கு அடுக்காக ஒட்டிய பலகை) 18 கேஜ். எண் ஏற ஏற ஆணி மெலியும். இரண்டு கால் உள்ள ஸ்டேபிள் ஆணி மலிவு, பிடிப்பும் உண்டு. ஆனாலும் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் மரத்துக்குப் பக்கவாட்டில் பல் வெட்டிய கிளீட் ஆணியே என் தேர்வு.

வீண் பலகையில் காற்றழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்து, ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள். கட்டை விரல் நகத்தால் மூலையைத் தடவினால் ஆணித்தலை தட்டவும் கூடாது, குழிந்திருக்கவும் கூடாது. மிஷினின் அடித்தட்டு பலகைக் கனத்துக்குப் பொருந்தாவிட்டால் சாய்வு தப்பும். ஆணிக்கு ஆணி 8 இஞ்ச், பலகை முனையிலிருந்து 2 இஞ்சாவது தள்ளி. முதல் வரிசைக்கும் கடைசி இரண்டுக்கும் சுவர் இடிப்பதால் நெய்லர் நுழையாது. துளை போட்டுக் கையால்தான் அடிக்க வேண்டும். சுவரோரம் 18 மி.மீ. இடைவெளி, ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

மலைப் பனிக்குக் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். தினமும் மாலையில் திறந்து வடித்துவிடுங்கள். காலையில் காற்றுக் குழாய் மாட்டும் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய்.

சேலத்து வெயிலில் காய்ந்த பலகை 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் ஈரம் குடிக்கும். ஈரம் அளக்கும் மீட்டரில் பிளைவுட்டுக்கும் பலகைக்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதத்துக்குள், 3 இஞ்சும் அதற்கு மேலும் அகலமென்றால் 2க்குள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது இறங்காவிட்டால் கம்ப்ரசரை வாடகைக்கு எடுக்காதீர்கள். தை கழியட்டும்.