கலோரி கணக்கு சரியாக இருக்கிறது, பசி மட்டும் ஏன் அடங்கவில்லை?

நேயர் ஒருவர் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். தினமும் ஆப்பில் கலோரி குறித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாராம், கணக்கு தப்புவதே இல்லையாம். ஆனாலும் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலேயே பசிக்கிறது என்கிறார். மதியத்துக்கு என்ன என்று பார்த்தால் சோறு, உருளைக்கிழங்கு, ஒரு பாட்டில் பழச்சாறு. கடைசியில், "சமச்சீர் உணவு என்றால் ஒவ்வொரு வேளையும் எல்லாச் சத்தும் தட்டில் இருந்தே ஆக வேண்டுமா, அப்படிச் சமைக்க எனக்கு எங்கே நேரம்?" என்று ஒரு கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை. உடம்பு ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகத் திருத்தி மார்க் போடுவதில்லை. வைட்டமின் ஏ, பி12 போன்றவற்றைக் கல்லீரல் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும், வைட்டமின் சி அப்படித் தங்காது, அதனால் அது அடிக்கடி உள்ளே போக வேண்டும். புரதத்திலும் இதே கதைதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் கிடைக்கும். இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், இப்போது ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும் என்கிறார்கள். ஆக காலையில் விட்டதை இரவில் பிடிக்கலாம், பதற்றப்பட ஒன்றுமில்லை.

இப்போது பசிக்கு வருவோம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9. ஆப் இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறது, நீங்கள் அந்த எண்ணை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சோறு மாவுச்சத்து. உருளைக்கிழங்கு செடியில் காய்கறிதான், ஆனால் தட்டில் அது சோற்றின் பக்கம் உட்கார வேண்டிய ஆள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2011-ல் வெளியிட்ட ஆரோக்கியத் தட்டு வரைபடத்தில்கூட அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கவில்லை. பழச்சாறோ, நார் பெரும்பாலும் போன சர்க்கரைத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனம் சாற்றில் இருக்கும் சர்க்கரையை, வெளியிலிருந்து சேர்த்த சர்க்கரையோடு ஒன்றாகத்தான் வைத்துக் கணக்கிடுகிறது. முழுப் பழத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆக உங்கள் மதிய உணவில் புரதமும் நாரும் கிட்டத்தட்ட இல்லை. பசியைத் தாங்கிப் பிடிப்பது முக்கியமாக அந்த இரண்டும்தான்.

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஆப்பில் அரிசி என்று தேடினால் இரண்டு பதிவு வரும், சமைக்காதது, சமைத்தது. சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி, சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130. நீங்கள் சோற்றை எடை போட்டுவிட்டு அரிசியின் பதிவைத் தட்டியிருந்தால், சாப்பிட்டதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கணக்கில் ஏறியிருக்கும், அதாவது நீங்கள் உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடுகிறீர்கள், பசிக்காமல் என்ன செய்யும்? பருப்பில் இதே குழப்பம் புரதக் கணக்கில் ஏமாற்றும். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருப்பது உலர்ந்த பருப்புக்கு. வெந்ததும் அது தண்ணீரை இழுத்துக்கொள்வதால் அதே 100 கிராமில் 8, 9 கிராம்தான் மிஞ்சும். ஒரு சின்னக் கிண்ணம் பருப்பில் நாள் முழுதுக்கான புரதம் வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். முட்டையும் அப்படித்தான், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு, 60 கிலோ இருந்தால் 48 கிராம். ஒரு முட்டையும் ஒரு கரண்டிப் பருப்பும் எங்கே நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, தட்டை எப்படி மாற்றுவது? தராசை எடுத்து உள்ளே வையுங்கள் முதலில். பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு தானியம், கால் தட்டு புரதம், அவ்வளவுதான். புரதம் என்றால் பயறு, பருப்பு, முட்டை, மீன், கோழி, தயிர், எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அது. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, தட்டில் அது பிடித்திருக்கும் இடத்தைத்தான் குறைக்கச் சொல்கிறேன். சாற்றுக்குப் பதில் அதே பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

நார் ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, காய்கறி பழம் சேர்த்து 400 கிராம். ஆனால் இன்று கேட்டுவிட்டு நாளைக்கே ஒரேயடியாகப் பயறை ஏற்றாதீர்கள், வயிறு உப்பிக்கொண்டு அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

எண்ணெயை அடியோடு விட்டவர்களும் கேட்பதால் ஒரு வார்த்தை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், எனவே துளிகூட இல்லாத உணவு புத்திசாலித்தனமில்லை. அதே சமயம் ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி, ஆப்பில் குறிக்க எல்லோரும் மறப்பது இதைத்தான்.

நேரமில்லை என்கிறீர்கள், நியாயம்தான். பயறை மொத்தமாக வேகவைத்து, ஆறியதும் தாமதிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். உறைய வைத்த காய்கறியைப் பற்றி ஒரு இளக்காரம் இருக்கிறது, தேவையில்லாதது, பறித்த சூட்டில் உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை. முட்டை வேக பத்து நிமிடம். பாக்கெட்டில் வாங்குவதாக இருந்தால் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் 'முழுதானியம்' என்பதை நம்பாமல் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலான நாடுகளில் எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். முதலில் மைதாவோ சர்க்கரையோ இருந்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

விலங்கு உணவு எதையுமே தொடாதவராக இருந்தால், பால்கூட, பி12 மாத்திரையோ அது சேர்த்த உணவோ கட்டாயம், தட்டை எப்படிப் பிரித்தாலும் அது வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நான் சொன்ன புரத அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அளவு வேறு, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களும் சோற்றைக் குறைப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள், மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.