பில்லருக்குள் உப்பும் ஃபோம்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

போன வீடியோவில் ஒரு காரின் நடு பில்லரை, அதாவது முன், பின் கதவுகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூணை, குறுக்கே அறுத்துக் காட்டியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உள்ளே கறுப்பாக ஒரு ஸ்பாஞ்ச் இடுக்கு விடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அவ்வளவு குறுகலான இடத்தில் அதை எப்படி நுழைத்தார்கள்? கேனில் வரும் ஸ்பிரே ஃபோமை அடித்தால் போதாதா? விபத்துக்குப் பிறகு அந்த இடத்தை வெட்டி வெல்டிங் செய்தால் அது என்ன ஆகும்?"

நல்ல கேள்வி. அதை யாரும் நுழைக்கவில்லை. அது உள்ளேயே உப்பியது. உள்ளே வைக்கும்போது ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டாகத்தான் இருந்தது.

முதலில் அது அங்கே எதற்கு என்று பார்ப்போம். பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் சில் எல்லாமே தகடுகளை வளைத்து ஒட்டவைத்த கூடுகள். உள்ளே ஒன்றும் இல்லாத காலி இடம். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் குழாய்க்குள் போவதுபோல அந்தக் கூட்டின் வழியாக ஏறி நேராக உங்கள் காதருகே வந்து சேரும். தூசியும் ஈரமும் அதே வழியில்தான் வரும். ஆகவே நடுவில் சில இடங்களில் தடுப்பு வேண்டும், அந்தத் தடுப்பில் இடைவெளியே இருக்கக் கூடாது. ஒரு தடுப்பின் பரப்பில் வெறும் 1 சதவீதம் திறந்திருந்தால் போதும், மீதியை எவ்வளவு கனமாகச் செய்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைக் குறைக்காது. மூலையில் விரல் நுனி அளவு விட்டுப்போனாலும் செய்த வேலை பாதி வீண்.

அப்படியென்றால் வெல்டிங் செய்யும்போதே இறுக்கமாக அடைத்துவிடலாமே? முடியாது. பாடி முழுவதையும் கழுவும் தொட்டி, பாஸ்பேட் தொட்டி, ஈ-கோட் (மின்சாரம் செலுத்தித் தகட்டில் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு) தொட்டி என்று வரிசையாக முக்கி எடுப்பார்கள். அந்தத் திரவம் கூட்டுக்குள் ஓடி எல்லா மூலையையும் நனைத்து, பிறகு வடிய வேண்டும். முன்னாலேயே அடைத்துவிட்டால் உள்ளே தகடு வெறுமையாக நிற்கும், துரு அங்கேதான் தொடங்கும். பெயின்ட் முடிந்த பிறகு அடைக்கலாம் என்றால், கூடு மூடிவிட்டது, கை போகாது.

இந்த இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த வழி இது. வெளித்தகட்டை மூடுவதற்கு முன், கூட்டின் அளவைவிடச் சிறிய ஒரு நைலான் சட்டத்தை உள்ளே கிளிப் போட்டு மாட்டிவிடுவார்கள். அதன் விளிம்பைச் சுற்றி உப்பக்கூடிய சீலன்ட் பட்டையாக இருக்கும். தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. ஈ-கோட் அதன் வழியே ஓடிப் போகும். அப்புறம் பாடி ஓவனுக்குள் போகிறது. ஈ-கோட் வேகுவதற்கு எப்படியும் 160 முதல் 190 டிகிரி வரை சூடு கொடுத்தாக வேண்டும். அதே சூட்டில் பட்டை உப்பி, நாலு பக்கமும் தகட்டைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். நைலான் 66 உருக 260 டிகிரி வேண்டும் என்பதால் சட்டம் அசையாமல் நிற்கும்.

கேன் ஃபோம் பற்றி: அது காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். மூடிய கூட்டுக்குள் ஈரம் போதாது, நடுவில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடலாம். அதோடு அது போகும் திசை நம் கையில் இல்லை. தண்ணீர் வடியும் துளையையும் அடைக்கும், வயரிங்கையும் மூடும். தயவுசெய்து செய்யாதீர்கள். சில தொழிற்சாலைகளில் பெயின்டுக்குப் பிறகு இரண்டு பாகப் பாலியூரித்தேனை (இரண்டு திரவங்கள் கலந்ததும் நுரைத்து இறுகும் வகை) அளந்து செலுத்துவது உண்டு, ஆனால் அது வேறு பொருள், வேறு ஏற்பாடு.

சரி, உப்பும் பட்டைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெரும்பாலும் அடிப்படைப் பொருள் இ.வி.ஏ. என்ற மென்மையான பிளாஸ்டிக். அதில் வாயு கொடுக்க அசோடைகார்பனமைடு என்ற மஞ்சள் தூள். ஒரு கிராம் சிதைந்தால் ஏறத்தாழ 220 மில்லிலிட்டர் வாயு வரும், அதில் பெரும்பங்கு நைட்ரஜன். தனியாக விட்டால் 200 டிகிரி தாண்டித்தான் சிதையும். ஜிங்க் ஆக்சைடோ யூரியாவோ சேர்த்து அதை 150, 160-க்கு இறக்குவோம். கூடவே பெராக்சைடு. அதுதான் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, உருகி வழியாமல் பிடித்துவைக்கிறது.

இப்போது நேரக்கணக்கைப் பாருங்கள். வாயு முதலில் வந்து சங்கிலிகள் இன்னும் கட்டப்படவில்லை என்றால், குமிழிகளின் சுவர் கிழிந்து வாயு வெளியே போய்விடும், உப்பியது அப்படியே அமுங்கும். சங்கிலிகள் முந்திக்கொண்டால் பொருள் விறைத்துவிடும், வாயு எவ்வளவு தள்ளினாலும் உப்பாது. இரண்டும் கைகோத்து நடக்க வேண்டும். அப்போதுதான் அது பத்து மடங்கு, பதினைந்து மடங்கு என்று வளரும். செய்முறையில் ஜிங்க் ஆக்சைடின் அளவைச் சற்று மாற்றினாலே நடை மாறிவிடும்.

உப்பிய துண்டைக் கூர்மையான கத்தியால் அறுத்துப் பார்த்தால் அதன் கதை தெரியும். நல்ல துண்டில் கண்ணறைகள், அதாவது குமிழிகள் விட்ட சிறு அறைகள், பொடியாக, ஒரே அளவில், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கும். விரலால் அழுத்தினால் திரும்பி எழும். பெராக்சைடு பிந்திய துண்டில் நடுவே கட்டைவிரல் போகும் அளவு பொந்து, மேலே மட்டும் தோல். கண்ணறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருந்தால் இன்னும் மோசம். தண்ணீரை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டவைத்திருக்கும்.

ஆய்வக ஓவனில் இதைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. காருக்குள்தான் சிக்கல். ஒருமுறை எங்கள் மாதிரிகள் மேஜை ஓவனில் ஒன்றுபோல உப்பின. பாடியில் வைத்தபோது கூரைப் பக்கத்துத் துண்டு முழுதாக உப்பியது, சில்லுக்குள் இருந்தது ஒரு ஓரத்தில் தகட்டைத் தொடவே இல்லை. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகளை ஒட்டி பாடியை ஓவனுக்குள் அனுப்பினோம். சில் பகுதியில் தகடு அடுக்கடுக்காக, கனமாக இருக்கிறது. ஓவன் காற்று 180 இருந்தும் அந்த இடம் அதன் அருகே வந்ததே கடைசிச் சில நிமிடங்களில்தான். கூரை அதற்குள் நெடுநேரம் வெந்துவிட்டது. உற்பத்தி வரிசை ஏதாவது காரணத்தால் நின்றால் பாடி ஓவனுக்குள்ளேயே இன்னும் அதிக நேரம் கிடக்கும். ஆக ஒரே பொருள் 155 டிகிரியில் பதினைந்து நிமிடத்திலும் முழுதாக உப்ப வேண்டும், 200 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் அமுங்கக் கூடாது. இந்த அகலத்தைப் பிடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

இன்னொரு அழுத்தமும் உண்டு. அசோடைகார்பனமைடு தூளைச் சுவாசித்தால் மூச்சு ஒவ்வாமை வரலாம் என்பதால் 2012 டிசம்பரில் ஐரோப்பிய ரசாயன முகமை அதை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கலக்கும் தொழிலாளியின் நுரையீரலை நினைத்தால் மாற்று தேடத்தான் வேண்டும். சோடியம் பைகார்பனேட் பாதுகாப்பானது. ஆனால் அது கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு நைட்ரஜனைவிட வேகமாகக் குமிழிச் சுவரைக் கடந்து வெளியேறும், ஆறியதும் துண்டு சுருங்கும். சூட்டில் விரியும் நுண்கோளங்கள் (மிகச் சிறிய பிளாஸ்டிக் உருண்டைகள்) அழகாக வேலை செய்கின்றன, விலைதான் அதிகம்.

கடைசிக் கேள்வி, வெல்டிங். அந்தப் பொறியும் சூடும் பட்ட ஃபோம் கருகும், புகையும், கூட்டுக்குள்ளேயே தீப்பிடிக்கவும் கூடும். அதனால் வெல்டிங் இடத்திலிருந்து போதிய தூரம் வரை அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புதிய உப்பும் துண்டை மாட்டினாலும் பயனில்லை. பட்டறையின் பெயின்ட் பூத் 60 டிகிரி அளவில்தான் காய வைக்கும், அந்தச் சூட்டில் அது அசையாது. அங்கே இரண்டு பாக ஃபோம்தான் வழி. எந்த வகை, எந்த இடத்தில், எவ்வளவு என்பதை அந்த வண்டியின் பழுதுபார்க்கும் கையேடு சொல்லும். வெல்டிங், பிரைமர், பெயின்ட் முடிந்து ஆறிய பிறகே ஃபோம்; துருத்தடுப்பு மெழுகை அதற்கும் பிறகு அடியுங்கள். மெழுகு முந்திவிட்டால் ஃபோம் தகட்டில் ஒட்டாது.