மாமனார் வீட்டுப் பெயர் பொறித்த பொற்காசு

நேயர்களுக்கு வணக்கம். குப்தர் என்றதும் சமுத்திரகுப்தர், விக்கிரமாதித்தர் என்ற பெயர்கள்தான் சட்டென்று வாயில் வரும். நான் பேசப்போவது சமுத்திரகுப்தரின் தகப்பனார் முதலாம் சந்திரகுப்தரைப் பற்றி. மௌரிய சந்திரகுப்தர் வேறு. இவர் அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். கி.பி. 319-320இல் தொடங்கும் குப்த ஆண்டுக்கணக்கை இவரோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் இவர் வெட்டிய கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே காசைத்தான் விசாரிக்க வேண்டும்.

எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான தங்கக் காசு. முன்பக்கத்தில் ராஜாவும் ராணியும் எதிரெதிரே நிற்கிறார்கள். ராஜாவின் ஒரு கையில் உச்சியில் பிறை வைத்த கொடிக்கம்பு. மறு கையால் மோதிரம் போன்ற ஒன்றை ராணியிடம் நீட்டுகிறார். கங்கைச் சமவெளி அரசருக்கு உடுப்பென்னவோ குஷாணர் பாணி கோட்டும் கால்சட்டையும்! வடக்கில் அதுவரை புழங்கிய தங்கக் காசு குஷாணருடையது; அச்சு வெட்டியவரின் கை பழக்கத்தை விடவில்லை போலும். ராணியின் பக்கம் குமாரதேவி என்று பெயர். காசைத் திருப்பினால், சிங்கத்தின் மேல் அமர்ந்த தேவி, பக்கத்தில் 'லிச்சவயஹ', அதாவது லிச்சவிகள்.

லிச்சவிகள் குமாரதேவியின் பிறந்த வீட்டார். புத்தர் காலத்திலேயே வைசாலியில் பேர்பெற்ற குலம். சந்திரகுப்தரின் தகப்பனும் பாட்டனும் வெறும் மகாராஜா, இவரோ மகாராஜாதிராஜா. இந்த ஏற்றத்தில் மாமனார் வீட்டுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? மகன் சமுத்திரகுப்தரும் அலகாபாத் தூணில் தம்மை லிச்சவிகளின் மகள் வயிற்றுப் பேரன் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்.

சரி, காசை அடித்தது யார்? அங்கேதான் சண்டை. பெற்றோர் நினைவாகச் சமுத்திரகுப்தர் அடித்தது என்றார் ஆங்கிலேய நாணயவியல் அறிஞர் ஆலன். சமுத்திரகுப்தரின் கொடிக்கம்புக் காசு குஷாணர் காசை அப்படியே ஒட்டிப் போகிறது. இந்தத் தம்பதிக் காசிலோ சொந்தக் கற்பனை அதிகம், அதனால் இதுதான் பிந்தியது என்பது அவர் கணக்கு. நம் நாட்டு வரலாற்றறிஞர் அல்தேகர் ஒப்பவில்லை; சந்திரகுப்தரே அடித்தது என்றார். எனக்கும் அல்தேகர் பக்கம்தான் சாய்வு. வீணை வாசிக்கும் கோலத்திலும் அசுவமேதக் குதிரையோடும் காசு போட்டுக்கொண்டவர் சமுத்திரகுப்தர். அப்படிப்பட்டவர் பெற்றோருக்கென்று தங்கத்தில் காசு அடித்துவிட்டு, அதில் தம் பெயரை ஒரு மூலையில்கூடப் போடாமல் விட்டிருப்பாரா?