கைத்தழும்பும் பெர்லின் சுவரும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரலாறு கற்பித்துவரும் எனக்கு, அண்மையில் என் வகுப்பறையில் ஏற்பட்ட வியப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பெர்லின் சுவரின் மீது மக்கள் ஏறி நின்று ஆரவாரிக்கும் 1989 நவம்பர் மாதப் படம் ஒன்றைக் காட்டி, இது எந்த இடம் என்று பதினோராம் வகுப்பு மாணவர்களைக் கேட்டேன். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கக்கூடிய அவர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியைக் கரும்பலகையில் வரைந்து, அதன் உள்ளே தீவுபோல் கிடந்த, மேற்கு ஜெர்மனியைச் சார்ந்திருந்த மேற்கு பெர்லினைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீட்டர் என்றேன். "அப்படியானால் சுவருக்குள் இருந்தவர்களுக்குத்தான் சுதந்திரம் இருந்ததா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். 1949-க்கும் 1961-க்கும் இடையே 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கிலிருந்து வெளியேறிய பிறகு, எஞ்சியவர்களைத் தடுத்து நிறுத்தவே கிழக்கு ஜெர்மனி அரசு அந்தச் சுவரை எழுப்பியது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவள் நெருங்கிவிட்டாள். இத்தனை கூர்மையான பிள்ளைகளுக்கு இதுவரை இதை ஒருவரும் சொல்லவில்லையே என்று மனம் வருந்தியது.

மற்றொருவர் விடைத்தாளில், காந்தியும் மண்டேலாவும் தென்னாப்பிரிக்காவில் ஒன்றாகப் போராடினார்கள் என்று எழுதியிருந்தார். காந்தி அங்கிருந்து புறப்பட்டது 1914-இல். மண்டேலா பிறந்தது 1918-இல். அந்நாட்டின் கறுப்பின மக்கள் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தது 1994-இல்தான் என்றபோது வகுப்பே நம்ப மறுத்தது. தாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தவை யாவும் அவர்களுக்கு 'அந்தக் காலம்' என்னும் ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன.

கைப்பேசியின்மீது பழிபோடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பாடநூலின் கடைசி அத்தியாயங்களுக்கு வரும்போது தேர்வு நெருங்கிவிடுகிறது. அவற்றை நாங்களே ஓரிரு வகுப்புகளில் ஓட்டிவிடுகிறோம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் நான்; சுவர் இடிந்து அதே அளவு காலம் கழித்துப் பிறந்தவர்கள் இவர்கள். ஆயினும் அந்தப் போரை நான் சிறுவயதிலேயே அறிந்திருந்தேன், ஏனெனில் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். நானோ, என் இளமையில் செய்தியாகக் கேட்டவற்றை எல்லோரும் அறிவார்கள் என்று எண்ணி, வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அன்று சட்டைக் கையை உயர்த்தி, மேற்கையில் அம்மை குத்திய தழும்பைக் காட்டினேன். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் பெரியம்மை, 1980-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதையும், அதனால்தான் அவர்கள் கைகளில் அந்த வடு இல்லை என்பதையும் சொன்னேன். வீட்டில் யார் கையில் அது இருக்கிறதோ அவரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன்.

மறுநாள் ஒரு மாணவன் நான்கு பக்கம் எழுதிவந்தான். தடுப்பூசிக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதில் தொடங்கிய அவன் பாட்டி, அம்மையில் பார்வையிழந்த தம் அக்காவைப் பற்றியும் சொல்லியிருந்தார். அப்படி ஒருவர் இருந்தார் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.