முதலாளி ஏசலாமோ? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் உறவுகளே. புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தங்கச்சி கேள்வி அனுப்பியிருந்தா. கார்மென்ட்சில வேலை செய்யிறா. "அண்ணை, டார்கெட் முடியேல்லை எண்டா சூப்பவைசர் லைன் முழுக்கக் கேக்கக் கத்துறார். ஏசினாத்தான் வேலை நடக்கும் எண்டு மனேச்சரும் சொல்லுறார். அது எப்பவாவது சரியோ?" ரெண்டு நாள் இந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடேல்லை.

சரியான இடம் ஒண்டு இருக்கு, அதை முதல் சொல்லிப்போடுறன். அரிசி மில்லில பெல்ட் ஓடேக்க ஒரு பிள்ளையின்ர துப்பட்டா அதுக்குக் கிட்டப் போகுது. மெதுவாக் கூப்பிட்டுக் கொண்டு நிக்கேலாது. "தள்ளு!" எண்டு கத்தத்தான் வேணும். பிள்ளை தள்ளி நிண்டவுடன அந்தச் சத்தத்துக்கு வேலை முடிஞ்சுது. பிறகும் பத்து நிமிசம் தாய் தேப்பனை இழுத்து ஏசினா, அது அவவைக் காப்பாத்த இல்லை.

மற்ற எல்லா இடத்திலயும் பிழைதான். ஏனெண்டா, ஏசுற இடத்தில ஆக்கள் பிழையை ஒளிப்பினம்.

நான் 18 வயசில வவுனியாவில ஒரு கடையில நிண்டனான். ஒரு மழைநாள் லொறியால சீமெந்து இறக்கேக்க 4 பக்கற் நனைஞ்சு போச்சு. முதலாளி சனத்துக்கு முன்னால வைச்சு ஏசுவார். அந்தப் பயத்தில நனைஞ்சதை அடியில அடுக்கி, நல்லதை மேல வைச்சிட்டன். ஒரு கிழமையால அடியில இருந்தது எல்லாம் கல்லு. அதில ஒண்டு வீட்டுத்திட்ட வீடு கட்டின ஒரு அம்மாட்ட வித்துப் போயிட்டுது. அவ அந்தப் பக்கற்றை ஓட்டோவில ஏத்திக்கொண்டு திரும்பி வந்து, வாசல்ல ஒண்டும் கதையாமல் நிண்டா. அந்த முகம் இண்டைக்கும் கண்ணுக்க நிக்குது.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற எங்கட பொம்பிளைப் பிள்ளையளை யோசியுங்கோ. முகத்துக்கு மறைப்புப் போட்டு, முழங்காலில இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக் கிளறுற வேலை. "இந்தத் துண்டை நான் வடிவாப் பாக்கேல்லை" எண்டு ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லோணும். ஏச்சுக்குப் பயந்து அவ பேசாமல் இருந்தா, நாளைக்கு அந்தக் காணியில மாடு சாய்க்கப் போற பொடியன்ர கால் என்னாகும்?

தங்கச்சி, சட்டத்தையும் கேளுங்கோ. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019 இல 190 ஆம் இலக்கச் சமவாயம், அதாவது நாடுகள் ஏற்கிறதுக்கான ஒப்பந்தம், ஒண்டைக் கொண்டு வந்தது. மனதுக்குக் கேடு செய்யிற நடத்தை ஒருக்கா நடந்தாலும் அது வேலைத்தள வன்முறைக்குள்ள வரலாம் எண்டு அதில இருக்கு. ஏச்சுத் தாங்காமல் அவசரப்பட்டு விலகல் கடிதம் குடுத்திடாதேங்கோ. முதல் தொழில் திணைக்களத்தில போய்க் கேளுங்கோ. எந்தத் திகதி, என்ன சொல்லி ஏசினவர், ஆர் பக்கத்தில நிண்டவை எண்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. வேலையால நிப்பாட்டினா, தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள்ள விண்ணப்பிக்கோணும்.

முதலாளிமாரிட்டக் கேக்க எனக்கு வேற கேள்வி இருக்கு. இந்த மாசம் உங்கட ஆக்களில ஆராவது தானா வந்து, "ஐயா, என்ர கையால ஒரு பிழை நடந்திட்டுது" எண்டு சொன்னவையோ? ஒருத்தரும் சொல்லேல்லை எண்டா, இண்டைக்கே ஸ்டோருக்குள்ள போய் அடியில கிடக்கிற பக்கற்றைப் புரட்டிப் பாருங்கோ. தங்கச்சி, கொப்பி துவங்கின உடன எனக்கு ஒரு சொல் அனுப்புங்கோ.